சுபலட்சுமி மிஸ் ஒட்டிய குடும்ப மரம்

ஆரணியில் சுபலட்சுமி மிஸ்ஸைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள். இன்னொன்று, பட்டுப்புடவை எடுக்க வந்துவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடும் வெளியூர்க்காரர்கள். மற்ற எல்லோருக்கும், யார் அத்தை, யார் சித்தி, யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாரைப் பார்த்தால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

இருபத்து நான்கு வருடமாக ஒரே தனியார் நர்சரி பள்ளி, ஒரே ஒன்றாம் வகுப்பு, ஜன்னலோரத்தில் ஒரே நாற்காலி. முதல் பாடம் ‘என் குடும்பம்’. இரண்டாம் பாடம் ‘என் பள்ளி’. குடும்பம் ரேஷன் கார்டு தருகிறது, பள்ளி டி.சி. தருகிறது, இவை இரண்டும் கையில் இருந்தால் ஒரு மனிதன் பிழைத்துக்கொள்வான் என்று பாடப்புத்தகம் போட்டவர்கள் நினைத்திருக்க வேண்டும். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் பாடம் நடத்துவதில் ஒரு கண்டிப்பு உண்டு. தன் மகன் கிரண் இதே வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, “இங்க நான் உனக்கு மிஸ்ஸு. அம்மா கெடையாது” என்று ஒரே ஒரு முறை சொன்னார். கெட்டிக்காரப் பையன், பிடித்துக்கொண்டான். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில், “சாப்டீங்களா மிஸ்?” என்கிறான். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது அப்படி நிற்கும் என்று ஊரில் பெயர்.

இந்த வருடம் ஜூன் மாதம் முப்பத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு பெண் குழந்தையின் பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலையில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். வருகைப்பதிவு செயலியின் கட்டத்தில் பாதிதான் பிடித்தது. ஆகவே அபிதா.

மிஸ் வழக்கம்போல, “எல்லாரும் குடும்ப போட்டோ எடுத்துகினு வாங்க” என்றார். போட்டோவில் தலைகளைக் கத்தரித்து, பச்சை சார்ட்டில் வரைந்த மரத்தில் அவரே ஒட்டுவார். வேரில் தாத்தா, பாட்டி; தண்டில் அப்பா, அம்மா; கிளைக்குக் கிளை மற்றவர்கள்; உச்சியில் குழந்தை. இருபத்து நான்கு வருடமாக அந்த மரம் பட்டுப்போனதில்லை.

அபிதா கொண்டுவந்தது ஆயுதபூஜை போட்டோ. தறிக்குப் பொட்டு வைத்து, பொரி கடலையோடு பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

“இதுல உங்க வீட்டுக்காரங்க யாருடா கண்ணு?”

அபிதா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “இது மொதலாளி. இது அம்மா. இது ஜெய்யண்ணா. இது சின்னம்மா. இது நானு. மத்தவங்க சாய்ங்காலம் ஆனா வீட்டுக்குப் பூடுவாங்க.”

தெளிவான பதில். மிஸ் கத்தரியை எடுத்தார். அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நிற்கும் மொதலாளிதான் அப்பாவாக இருக்க வேண்டும், குழந்தைக்கு விளையாட்டு. ஜெய்யண்ணா என்பது அண்ணன். முப்பது வயது மீசையோடு ஓர் அண்ணன், கடைசிக் காலத்தில் பிறந்த தங்கச்சி போலிருக்கிறது, நடக்காததா? சின்னம்மா என்றால் சித்தி. எல்லோரும் அவரவர் கிளைக்குப் போனார்கள். அட்மிஷன் ரிஜிஸ்டரை ஒரு நிமிடம் புரட்டியிருக்கலாம். ஆனால் பிள்ளை வாயிலிருந்து வருவதுதான் பாடம் என்பது மிஸ்ஸின் கொள்கை. கொள்கை உள்ளவர்கள் ரிஜிஸ்டர் பார்ப்பதில்லை.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம். தினமும் அபிதாவை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடும் அம்மாவுக்குப் பதிலாக, அன்றைக்கு ‘சித்தி’ வந்தாள். பெயர் லாவண்யா. சேத்துப்பட்டுப் பெண், பி.எஸ்சி. படித்தவள். வீட்டில் நெய்யும் புடவைகளைப் போனில் நேரலை போட்டு விற்பவள், முன்பின் தெரியாத இரண்டாயிரம் பெண்கள் தினமும் அவளை “சிஸ்டர், அந்த மாம்பழக் கலர் இருக்கா?” என்று கேட்கிறார்கள்.

லாவண்யா சுவரில் இருந்த மரத்தைப் பார்த்தாள். தன் தலை எந்தக் கிளையில் தொங்குகிறது என்று பார்த்தாள். அதன் அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“மிஸ்… நான்தான் அம்மா.”

“யாருக்கும்மா?”

“அபிதாவுக்கு. நான் பெத்தவ. ஜெயக்குமாரு என் வீட்டுக்காரரு. அவளுக்கு அப்பா. அண்ணன் இல்ல.”

சுபலட்சுமி மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். அது தறி ஓடும் வீடு. கூடத்தில் நான்கு தறி, பின்கட்டில் இரண்டு. விடிந்தால் நெசவாளர்கள் வந்துவிடுவார்கள். வீட்டின் மூத்தவர் மாணிக்கவேலை மொதலாளி என்பார்கள். பட்டு நூலை நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை விரித்துக் குற்றம் பார்த்து, வீட்டையே நடத்தும் அவர் மனைவி ரேணுகாம்பாளை “அம்மா” என்பார்கள். தம்பி ஜெயக்குமாரை “ஜெய்யண்ணா” என்பார்கள். தம்பி மனைவி லாவண்யாவைச் “சின்னம்மா” என்பார்கள். அபிதா பேசக் கற்றுக்கொண்டது தறிக்கும் தறிக்கும் நடுவே கட்டியிருந்த தூளியில். எல்லோரும் கூப்பிட்டதைத்தான் அவளும் கூப்பிட்டாள். பெற்ற தகப்பனைப் பார்த்து ஒரு குழந்தை, “ஜெய்யண்ணா, எனக்கு பப்ஸு வாங்கிகினு வா” என்று கேட்டபோது வீடே சிரித்தது. சிரித்ததால் அது நிலைத்துவிட்டது.

“வீட்லயே திருத்திருக்கலாமேம்மா?”

லாவண்யா வகுப்பறைக் கதவு பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “முடியாது மிஸ். எங்க அக்காவுக்குக் கொழந்த இல்ல. கல்யாணமாயி இருபத்தஞ்சு வருசம். நானா போயி, என்னத்தான் அம்மான்னு கூப்புடணும்னு சொன்னா, புடுங்கிக்கிற மாதிரி ஆயிடும். அக்கா நல்லவங்க. அதான் பேஜாரே. கெட்டவங்களா இருந்தா எப்பவோ கேட்டுருப்பேன்.”

“அதுக்கு?”

“நீங்க பாடமா சொல்லிட்டீங்கன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. புக்குல கீதுன்னு பூடும். ஒரே ஒரு வார்த்தைதான மிஸ்.”

தப்பாக ஒட்டிய குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், இருபத்து நான்கு வருடப் பெருமை ஒரு பக்கம். மிஸ் ஒப்புக்கொண்டார். அன்றைக்கே தலைகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினார். பிய்க்கும்போது ரேணுகாம்பாளின் முகம் கொஞ்சம் கிழிந்தது. செல்லோடேப் போட்டார்.

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. “உன்னைப் பெத்தவங்க யாரு? அவங்களை எப்படிக் கூப்பிடணும்? ஒருத்தருக்கு எத்தனை அம்மா?” “ஒண்ணு மிஸ்!” வகுப்பே கத்தியது. முதல் தேர்வில் அபிதா அம்மா பெயருக்கு ரேணுகாம்பாள் என்று எழுதினாள். மிஸ் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். இரண்டாம் தேர்வில் லாவண்யா என்று எழுதினாள்; ஒரு நட்சத்திரம் ஒட்டினார். குழந்தைகளுக்கு நட்சத்திரம் என்றால் போதும். ஒரு நட்சத்திரத்துக்காக அவர்கள் வம்சத்தையே மாற்றி எழுதுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, “இதில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரவும்” என்று நோட்டில் எழுதி அனுப்பினார்.

அன்று மாலை கூடத்தில் ரேணுகாம்பாள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். “குடுடா, எங்க போடணும்?”

அபிதா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நீங்க இல்ல. நீங்க பெரியம்மா. பாடத்துல கீது.” பிறகு சமையலறை வாசலில் நின்றிருந்த லாவண்யாவிடம் போய், “அம்மா, கையெழுத்து” என்றாள்.

கூடத்தில் நான்கு தறியும் நின்றன. மின்சாரம் போனால்கூட நிற்காத கைத்தறிகள் அவை. நீட்டிய கையை ரேணுகாம்பாள் உடனே மடக்கவில்லை. பக்கத்திலிருந்த நூல்கண்டை எடுப்பதற்காகத்தான் நீட்டியதுபோல அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். லாவண்யா வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். ஆறு வருடமாகக் காத்திருந்த வார்த்தை வந்தது; அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட வழியில்லாமல் வந்தது.

திங்கட்கிழமை ரேணுகாம்பாள் பள்ளிக்கு வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, அகலக் குங்குமம், நூலை நிறுத்து நிறுத்துப் பழகிய நிதானம்.

“மிஸ், ஒரு டவுட்டு.”

“உக்காருங்க.”

“பரவால்ல. எங்க தறியில ஒருத்தரு நெய்யறாரு. எங்கப்பா வயசு. அவரு என்ன அம்மாங்கறாரு. தப்புங்களா?”

“அது மரியாதைக்கு…”

“பால்காரரு அம்மாங்கறாரு. கரெண்டு பில்லு கட்டப் போனா அங்க இருக்கற பொண்ணு, சில்லறையா குடுங்கம்மாங்குது. ஆரணி டவுனே என்ன அம்மாங்குது. ஒரே ஒரு புள்ள மட்டும் கூப்புடக் கூடாது. அதான பாடம்?”

மிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பெத்தவங்கன்னு ஒருத்தங்க இருக்கறப்போ…”

“பெத்தவள வேணாம்னு யாரு சொன்னது? அவ என்கிட்ட வந்து, அக்கா, எனக்கும் ஆசையா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே கூப்புட சொல்லிக் குடுத்துருப்பேன். இப்போ புக்குல கீதாம். புக்கு கூட யாருங்க சண்ட போட முடியும்?” அவள் சுவரில் இருந்த மரத்தைப் பார்த்தாள். “என் மூஞ்சிக்கு எதுக்கு டேப்பு போட்டிருக்கீங்க?”

இதையெல்லாம் எந்த ஆசிரியர் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. அங்கே சார்ட் ஒட்டுவதற்கு மட்டும் மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார்கள்.

மறுநாள் லாவண்யா போன் செய்தாள். “மிஸ், அக்கா வந்தாங்களாமே. விட்டுடாதீங்க மிஸ். அன்னிக்கு ஒரு தபா கூப்புட்டா. அதோட சரி. திரும்பக் கூப்புடணும் மிஸ்.”

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயம் ஒரே பக்கம் இருந்துவிட்டால் ஒரு மனுஷி நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த நேரம் பார்த்துப் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் தென்னரசுக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனை உதிக்கும் கரஸ்பாண்டன்ட் வாய்ப்பது எந்தப் பள்ளிக்கும் நல்லதில்லை. ஆண்டு விழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் அம்மாக்களுக்குப் பாதபூஜை செய்ய வேண்டும். போலூரில் ஒரு பள்ளியில் செய்தார்களாம். அடுத்த வருடம் அட்மிஷன் பிய்த்துக்கொண்டு போனதாம்.

“சார், அபிதாவுக்கு மட்டும் ரெண்டு நாற்காலி போடலாமா?” மிஸ் கேட்டுப் பார்த்தார்.

“எதுக்கு?”

“அவங்க வீட்ல ரெண்டு பேரு…”

“முப்பத்திரண்டு புள்ளைங்க, முப்பத்திரண்டு நாற்காலி. ஒரு புள்ளைக்கு ஒரு அம்மா. நீங்கதான மிஸ் அந்தப் பாடம் நடத்தறீங்க?”

“சார், இது கொஞ்சம் வேற மாதிரி வீடு.”

“இன்னா வேற மாதிரி? ரெண்டு பொண்டாட்டியா?”

“அய்யய்யோ, இல்ல சார்!”

“அப்போ ஒண்ணு போடுங்க. எக்ஸ்ட்ரா போட்டா போட்டோவுல காலியா தெரியும். மண்டபத்துல எண்ணித்தான் தர்றாங்க.”

அந்த வாரம் முழுக்க மிஸ் மூன்று காரியங்களை எதிர்பார்த்தார். லாவண்யாவே விட்டுக்கொடுப்பாள். அல்லது ரேணுகாம்பாள் கல்யாணம் காட்சி என்று வெளியூர் போவாள். அல்லது தனக்காவது காய்ச்சல் வரும். நினைத்தபோது வந்துவிட்டால் அது காய்ச்சலா? விழா நாளன்று மூன்று பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

மேடையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குழந்தையின் பெயர். முப்பத்தொரு அம்மாக்கள் கொலுசைத் தூக்கிவிட்டுக்கொண்டு தட்டில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ‘அபிதகுசாம்பாள்’ என்று எழுதிய நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரும் சொந்தத் தறியில் நெய்த பட்டு கட்டியிருந்தார்கள்.

“நீ ஒக்காரு லாவண்யா.”

“நீங்க ஒக்காருங்க அக்கா.”

“பெத்தவ நீதான? ஒக்காரு.”

“வளத்தவங்க நீங்கதான அக்கா? நீங்கதான் ஒக்காரணும்.”

“அட, நான் சொல்றேன் இல்ல?”

கீழே இருப்பவர்கள் கேட்டால் என்ன பாசம், என்ன விட்டுக்கொடுத்தல் என்று சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் மைக்கோடு நின்ற மிஸ்ஸுக்குத்தான் தெரியும்: உட்காரு என்று சொன்ன ஒவ்வொருத்தியும் நாற்காலியின் ஒரு கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அபிதா பட்டுப் பாவாடை கட்டி, கையில் செம்புத் தண்ணீரோடு நாற்காலிக்கு எதிரே நின்றாள். இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு திரும்பி மிஸ்ஸைப் பார்த்தாள். வாய்மொழித் தேர்வில் பதில் சரியா என்று பார்ப்பாளே, அதே பார்வை. உதடு அசைந்தது. “யாரு மிஸ்?”

மிஸ் தலையை இந்தப் பக்கம் ஓர் அங்குலம் அசைத்திருந்தால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் அசைத்திருந்தால் இன்னொருத்தி. இருபத்து நான்கு வருடமாக ஊருக்கு உறவு சொல்லிக் கொடுத்த தலை, கையிலிருந்த நிகழ்ச்சி நிரல் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டது.

“யாராவது ஒருத்தரு ஒக்காருங்கம்மா, ஜல்தி! கேமராக்காரரு நிக்கறாரு இல்ல?” தென்னரசு மேடை ஓரத்திலிருந்து கை ஆட்டினார்.

அபிதா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பக்கத்தில் மற்றவர்கள் கால் கழுவி முடித்து மஞ்சள் பூச ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குப் பின்தங்கிப் பழக்கமில்லை. முட்டி போட்டாள். செம்பைச் சாய்த்து நாற்காலியின் முன்கால்கள் இரண்டையும் கழுவினாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், ஒரு சாமந்தியை நாற்காலி மேல் வைத்தாள், விழுந்து கும்பிட்டாள். ஒரு வாரமாக ஒத்திகை காலி நாற்காலியை வைத்துத்தான் நடந்தது. ஒரு பிசகும் இல்லாமல் செய்தாள்.

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் யாரோ, தாய் இல்லாத பிள்ளை போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டினார்கள். கேமராக்காரர் க்ளிக் செய்தார். நாற்காலியின் இரண்டு கையிலிருந்தும் இரண்டு கைகள் மெதுவாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. வீட்டில் தறி ஓடியது, சேலை விற்றது, அக்காவும் தங்கையும்போல ஒரே தட்டில் வெங்காயம் உரித்தார்கள். ஆனால் பத்து நாள் கழித்து லாவண்யா போன் செய்து, “மிஸ், அவ என்னக் கூப்புடறதே இல்ல” என்றாள். அடுத்த நாள் ரேணுகாம்பாள் கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்தி, “மிஸ், அவ என்ன ஒண்ணும் கூப்புட மாட்டேங்கறா. பெரியம்மான்னு கூட இல்ல” என்றாள். பசித்தால் வந்து எதிரே நிற்கிறாளாம். தண்ணீர் வேண்டுமென்றால் முந்தானையை இழுக்கிறாளாம்.

மிஸ் அபிதாவைத் தனியாக அழைத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

“ரெண்டு பேரையும் அம்மான்னே கூப்புடுடா கண்ணு. தப்பே இல்ல.”

அபிதா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். “ஒருத்தங்கதான் அம்மான்னு சொன்னீங்க?”

“சொன்னேன். அது… பரீட்சைக்கு.”

“நான் எழுதுனதுக்குத் தப்பு போட்டீங்களே மிஸ்.”

“இனிமே போட மாட்டேன்.”

“வேணாம் மிஸ்.” அபிதா மடியிலிருந்து இறங்கிக்கொண்டாள். “தப்பாயிடும்.”

ஏப்ரலில் வருடக் கடைசி மதிப்பீடு. செயலியில் ஒரு வரி: ‘குடும்ப உறவுகளை அறிந்து சரியாகக் கூறுகிறாள்.’ பக்கத்தில் மூன்று கட்டம். ஆம், ஓரளவு, இல்லை.

“அப்பா பேரு?”

“ஜெயக்குமார்.”

“அம்மா பேரு?”

“லாவண்யா.”

“அப்பாவோட அண்ணன் உனக்கு என்ன வேணும்?”

“பெரியப்பா. பேரு மாணிக்கவேல். அவங்க மனைவி பெரியம்மா. பேரு ரேணுகாம்பாள்.” கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள். முப்பத்திரண்டு பேரில் ஒரு தடுமாற்றம்கூட இல்லாமல் சொன்னது அவள் ஒருத்திதான்.

மிஸ் ‘ஆம்’ கட்டத்தைத் தொட்டார். அது பச்சையாகி, ‘மிக நன்று’ என்றது.

மணி அடித்தது. ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. கடைசி நாள் என்பதால் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ரேணுகாம்பாள் ஸ்கூட்டியைப் பிடித்திருந்தாள், லாவண்யா பின்னால் உட்கார்ந்திருந்தாள். அபிதா பையோடு ஓடி வருவதைப் பார்த்ததும் இரண்டு முகங்களும் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் வாயைத்தான் இருவரும் பார்த்தார்கள்.

அபிதா வண்டியின் முன்னால் ஏறி நின்றாள். பையைச் சரிசெய்துகொண்டாள். கையை நீட்டி ஹாரனை இரண்டு முறை அழுத்தினாள்.

வண்டி கிளம்பியது.